ஹைப்ரிட் காருக்கு எக்ஸ்டெண்டட் வாரன்டி வாங்கலாமா? கையெழுத்துக்கு முன் செய்ய வேண்டியவை, வரிசைப்படி

சொந்தக்காரர்கள், அலுவலக நண்பர்கள் என்று ஹைப்ரிட் கார் (பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டாரும் உள்ள கார்) வாங்கப் போன ஏழெட்டுப் பேருக்குத் துணையாக ஷோரூம் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். ஆன்ரோடு விலைத் தாளில் இன்சூரன்சுக்கும் ஃபாஸ்டேகுக்கும் நடுவில் அந்த ஒரு வரி இருக்கும்: எக்ஸ்டெண்டட் வாரன்டி, அதாவது காரோடு வரும் வாரன்டியை நீட்டிக்கத் தனியாகக் கட்டும் பணம். "ஹைப்ரிட் பேட்டரி போனால் லட்சக்கணக்கில் ஆகும் சார்" என்று விற்பனையாளர் சொல்வார். வாங்க வந்தவர் மனைவியைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், தலையாட்டிவிடுவார். அந்த பேட்டரிக்குத் தயாரிப்பாளர் ஏற்கெனவே 8 ஆண்டு வாரன்டி கொடுத்திருக்கிறார் என்பது அந்த நேரத்தில் யாருக்கும் நினைவுக்கு வராது.

பேட்டரி பயத்தில்தான் பெரும்பாலானோர் இதை வாங்குகிறார்கள். பணமோ பேட்டரியைத் தவிர்த்த மற்ற பாகங்களுக்குப் போகிறது. அது வீண் செலவு என்று நான் சொல்லவில்லை. பலருக்கு அது தேவையானதுதான். ஆனால் எதற்குப் பணம் கட்டுகிறோம் என்று தெரிந்து கட்ட வேண்டும். அதற்குக் கீழே உள்ள வரிசையைக் கடைப்பிடியுங்கள். விலையைப் பற்றிய பேச்சு கடைசியில்தான் வர வேண்டும். அதை முதலில் எடுத்தால், "தள்ளுபடி எவ்வளவு" என்பதிலேயே முழுப் பேச்சும் முடிந்துவிடும்.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

வாரன்டிக் கையேடு. காருடன் வரும் சர்வீஸ் புத்தகத்திலேயே இது இருக்கும், அல்லது தனிப் புத்தகமாக வரும். கார் இன்னும் கைக்கு வரவில்லை என்றால் ஷோரூமில் ஒரு பிரதி கேட்டு வாங்குங்கள்.

எக்ஸ்டெண்டட் வாரன்டியின் முழு நிபந்தனைத் தாள். வண்ணப் படம் போட்ட ஒரு பக்க விளம்பரத் தாளை நீட்டுவார்கள். அது போதாது. எந்தப் பாகம் சேரும், எது சேராது என்று பொடி எழுத்தில் அச்சிட்ட ஆவணம் வேண்டும். "கார் எடுத்த பிறகு மெயிலில் வரும்" என்றால், அது வந்த பிறகு பணம் கட்டலாம் என்று சொல்லுங்கள்.

கடந்த ஓராண்டில் எத்தனை கிலோமீட்டர் ஓட்டினீர்கள் என்ற கணக்கு. பழைய காரின் சர்வீஸ் ரசீதுகளில் ஓடோமீட்டர் எண் பதிவாகியிருக்கும். இரண்டு ரசீதுகளை எடுத்துக் கழித்தால் உண்மை தெரிந்துவிடும். மனக்கணக்கை நம்ப வேண்டாம். என் மைத்துனர் "ஆண்டுக்கு 10,000தான்" என்று உறுதியாகச் சொன்னார். ரசீதுகளைப் பார்த்தால் 17,000.

2. உங்கள் கார் எந்த வகை ஹைப்ரிட் என்று உறுதி செய்யுங்கள்

மற்ற எல்லாக் கணக்கும் இதன்மேல் நிற்பதால், தாள்கள் கைக்கு வந்ததும் முதல் வேலை இதுதான்.

மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர் இரண்டும் ஒரே பெயரில் இரண்டு விதமாக விற்கப்படுகின்றன. ஒன்று மைல்ட் ஹைப்ரிட். அதில் ஒரு சிறிய மோட்டார் இன்ஜினுக்குக் கை கொடுக்கும், அவ்வளவுதான். மற்றொன்று ஸ்ட்ராங் ஹைப்ரிட். அதில் உயர் மின்னழுத்த பேட்டரியும் சக்கரத்தைச் சுழற்றும் மோட்டாரும் இருக்கின்றன. குறைந்த வேகத்தில் இன்ஜின் இல்லாமலேயே அது நகரும். இன்னோவா ஹைக்ராஸின் ஹைப்ரிட் வகைகள், மாருதி இன்விக்டோ, ஹோண்டா சிட்டி இ:எச்இவி ஆகியவையும் ஸ்ட்ராங் ஹைப்ரிட்கள்தான்.

8 ஆண்டு பேட்டரி வாரன்டி என்று பேசப்படுவது ஸ்ட்ராங் ஹைப்ரிட்டின் பெரிய பேட்டரிக்கு உரியது. மைல்ட் ஹைப்ரிட் வைத்திருப்பவர் அதைத் தனக்கும் சேர்த்துக்கொள்வதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. உங்களுடையது மைல்ட் ஹைப்ரிட் என்றால், சாதாரண பெட்ரோல் காருக்கு முடிவெடுப்பதைப் போல எடுத்தால் போதும். கீழே உள்ளதில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது.

3. ஏற்கெனவே உள்ள வாரன்டிகளைத் தனித்தனியாக எழுதுங்கள்

ஒரு தாளில் மூன்று வரிகள் போதும்.

முதல் வரி, முழுக் காருக்கான அடிப்படை வாரன்டி. டொயோட்டாவுக்கு 3 ஆண்டு அல்லது 1,00,000 கி.மீ. மாருதியும் 2024 ஜூலை முதல் அதே அளவு கொடுக்கிறது. அதற்கு முன் அது 2 ஆண்டு அல்லது 40,000 கி.மீ. மட்டுமே. பழைய கிராண்ட் விட்டாராவை இரண்டாம் கையாக வாங்குகிறவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். சிட்டி இ:எச்இவிக்கு 3 ஆண்டு, கிலோமீட்டர் வரம்பு கிடையாது.

இரண்டாம் வரி, ஹைப்ரிட் பேட்டரிக்கானது. இந்த மூன்று நிறுவனங்களின் ஸ்ட்ராங் ஹைப்ரிட்களுக்கும் 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ., எது முதலில் வருகிறதோ அது. கையேட்டில் இந்த வாக்கியத்தைக் கண்டுபிடித்து அடிக்கோடிடுங்கள். அது பேட்டரியை மட்டும் சொல்கிறதா, இன்வர்ட்டர் (பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்ப மாற்றும் பாகம்), மோட்டார் போன்றவற்றையும் சேர்த்துச் சொல்கிறதா என்று பாருங்கள். புரியவில்லை என்றால் மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்மொழிப் பதிலை நான்காம் ஆண்டில் யாரும் நினைவு வைத்திருக்க மாட்டார்கள்.

மூன்றாம் வரி, 12 வோல்ட் துணை பேட்டரி, டயர் போன்றவை. இவற்றுக்கு அவற்றைத் தயாரித்த நிறுவனங்களின் தனி வாரன்டி உண்டு. எக்ஸ்டெண்டட் வாரன்டியில் இவை பொதுவாகச் சேராது.

12 வோல்ட் பேட்டரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஹைப்ரிட் கார் வைத்திருப்பவர்களை அதிகம் பயமுறுத்துவது இதுதான். எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் மகளைப் பார்க்க வெளிநாடு போய் இரண்டு மாதம் கழித்துத் திரும்பினார். கார் அசையவில்லை. பொத்தானை அழுத்தினால் திரையில் மங்கலாக ஒரு வெளிச்சம் வந்து அணைந்தது. "பெரிய பேட்டரி போய்விட்டது தம்பி" என்று கலங்கிப்போய் நின்றார். போனது 12 வோல்ட் பேட்டரி. காரின் கணினிகளை எழுப்பி, பெரிய பேட்டரியைக் காரோடு இணைத்துவிடுவது அதுதான். அது தீர்ந்துவிட்டால் பெரிய பேட்டரியில் மின்சாரம் இருந்தும் கார் உயிர் பெறாது. அதை மாற்றியதும் கார் கிளம்பியது. இப்படி ஒரு பயத்தைச் சந்தித்த மறுநாளே கூடுதல் வாரன்டிக்குப் பணம் கட்டியவர்களும் உண்டு. அந்தப் பணம் இந்தப் பழுதுக்கு உதவவே உதவாது.

4. காலத்தைக் கிலோமீட்டராக மாற்றுங்கள்

முழு வேலையிலும் அதிகம் வெளிச்சம் தருவது இந்தப் படிதான். யாரும் செய்வதில்லை. "8 ஆண்டு" என்ற சொல் காதில் விழுந்ததும் நிம்மதியாகிவிடுகிறார்கள். "எது முதலில் வருகிறதோ" என்பது காதில் விழுவதில்லை.

இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் கோயம்புத்தூருக்குள்ளேயே ஓட்டுகிறார், மாதம் 1,000 கி.மீ. மூன்று ஆண்டில் 36,000, எட்டு ஆண்டில் 96,000. அவருக்குக் கிலோமீட்டர் வரம்பு ஒரு பொருட்டே இல்லை. பேட்டரி வாரன்டியின் 8 ஆண்டும் முழுதாகக் கிடைக்கும். வாரன்டி இல்லாத இடைவெளி அவருக்குக் காலத்தில் இருக்கிறது: நான்காம் ஆண்டு தொடங்கியதும் பேட்டரி தவிர மற்ற எல்லாமே அவருடைய சொந்தச் செலவு.

இன்னொருவருக்குச் சென்னையிலும் மதுரையிலும் தொழில். வாரம் ஒருமுறை போய் வருகிறார். ஒரு வழிக்கு சுமார் 460 கி.மீ. என்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய 48,000 கி.மீ. ஆகிறது. அவருக்கு 1,00,000 கி.மீ. அடிப்படை வாரன்டி இரண்டு ஆண்டு ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும். பேட்டரியின் 1,60,000 கி.மீ. மூன்று ஆண்டு நான்கு மாதத்தில் முடிந்துவிடும். எட்டு ஆண்டு என்று அவர் நம்பிக்கொண்டிருப்பது உண்மையில் மூன்றரை ஆண்டுகூட இல்லை. டொயோட்டாவின் நீட்டிப்பு 5 ஆண்டு அல்லது 2,20,000 கி.மீ. வரை போகிறது. இந்த ஓட்டத்துக்கு அது நான்கு ஆண்டு ஏழு மாதம் வரும். மாருதியின் உச்ச நீட்டிப்பு 6 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. அதே ஓட்டத்துக்கு அதுவும் மூன்று ஆண்டு நான்கு மாதத்தில் முடிந்துவிடும், ஆறு ஆண்டு என்று எழுதியிருந்தாலும்.

இவரைப் போன்றவர்கள் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "பேட்டரியின் 1,60,000 கி.மீ. முடிந்த பிறகு, நீட்டிப்புக் காலத்துக்குள் பேட்டரி பழுதானால் இந்தத் திட்டம் ஏற்குமா?" பதில் எழுத்தில் வேண்டும்.

உங்கள் ஓடோமீட்டர் கணக்கைப் போட்டு, ஒவ்வொரு வாரன்டியும் உங்களுக்கு எந்த மாதம், எந்த ஆண்டில் முடிகிறது என்று தேதியாக எழுதிக்கொள்ளுங்கள். அதன் பக்கத்தில் காரை எப்போது விற்க நினைக்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில் உள்ள காலத்துக்குத்தான் நீங்கள் பாதுகாப்பு வாங்கப் போகிறீர்கள். இடைவெளியே இல்லை என்றால் இங்கேயே நிறுத்திவிடலாம்.

5. இடைவெளியில் நிற்கும் பாகங்களுக்கு விலை கேளுங்கள்

ஸ்ட்ராங் ஹைப்ரிட்டில் சாதாரண காரில் தேய்ந்து போகும் சில பாகங்களே இல்லை. தனி ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது, ஆல்டர்னேட்டர் கிடையாது, கிளட்ச் பெடல் கிடையாது. மோட்டாரே வேகத்தைக் குறைத்து மின்சாரமாக்கிக்கொள்வதால் பிரேக் பேடுகளும் மெதுவாகத்தான் தேயும். இதெல்லாம் உங்களுக்குச் சாதகம்.

எதிர்ப்பக்கத்தில் இருப்பவை விலை உயர்ந்த பாகங்கள்: பேட்டரியின் நேர் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்ப மாற்றும் இன்வர்ட்டர், மோட்டார்கள் அடங்கிய கியர் தொகுதி, உயர் மின்னழுத்தத்தில் ஓடும் ஏசி கம்ப்ரஸர், பிரேக்கைக் கணினி வழியாக இயக்கும் ஆக்சுவேட்டர். இவற்றோடு எந்தக் காரிலும் இருக்கும் ஸ்டீயரிங் மோட்டார், நடுத்திரை, முன்விளக்குத் தொகுதி. பெரும்பாலும் இவற்றைப் பிரித்துச் சரிசெய்ய மாட்டார்கள், முழுதாக மாற்றுவார்கள். செலவு கூடுவதற்கு அதுதான் காரணம்.

ஷோரூமை விட்டு வெளியே வந்து, சர்வீஸ் சென்டரின் உதிரிபாக கவுன்டருக்குப் போங்கள். உங்கள் மாடலைச் சொல்லி, இன்வர்ட்டர், ஏசி கம்ப்ரஸர், பிரேக் ஆக்சுவேட்டர், நடுத்திரை ஆகிய நான்கின் விலையை மட்டும் கேட்டு எழுதுங்கள். பத்து நிமிட வேலை. விற்பனை மேசையில் "லட்சக்கணக்கில்" என்று மொத்தமாகச் சொல்லப்பட்டது இங்கே துல்லியமான எண்ணாகக் கிடைக்கும்.

பிறகு ஒரு வகுத்தல். வாரன்டியின் விலை 30,000 ரூபாய், நான்கில் மலிவான பாகம் கூலியோடு 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இடைவெளிக் காலத்தில் அப்படி ஒரு பழுது வர இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு இருந்தால்தான் கணக்கு சமமாகும். அதுவே 1,50,000 ரூபாய் பாகம் என்றால் ஐந்தில் ஒரு பங்கு போதும். நன்றாக ஓடும் காருக்கு இரண்டுமே அதிக வாய்ப்புதான் என்று உங்களுக்குத் தோன்றலாம், சரிதான். சராசரிக் கணக்கில் வாரன்டி விற்பவருக்குத்தான் லாபம், இல்லாவிட்டால் அவர் விற்க மாட்டார். ஆகவே அடுத்த கேள்வியையும் கேட்டுக்கொள்ளுங்கள்: ஒன்றரை லட்ச ரூபாய்ச் செலவு திடீரென்று வந்தால் வீட்டில் சமாளிக்க முடியுமா? முடியும் என்பவர் அந்த 30,000 ரூபாயை வங்கியில் போட்டு வைக்கலாம். பிள்ளையின் கல்லூரிக் கட்டணமும் வீட்டுக் கடனும் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கு அந்த 30,000 ரூபாய் நியாயமான செலவு.

6. 'எது சேராது' பக்கத்தை முழுதாகப் படியுங்கள்

சேரும் பாகங்களின் பட்டியலை எல்லோரும் படிக்கிறார்கள். கோரிக்கைகள் நிராகரிக்கப்படுவது மற்றப் பக்கத்தைக் காட்டித்தான்.

வெள்ளம். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் கார்கள் மூழ்கிக் கிடந்ததைப் பார்த்தோம். தண்ணீர் புகுந்த சேதத்தை எந்த வாரன்டியும் ஏற்காது. அது இன்சூரன்ஸின் வேலை. இன்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் பாலிசி எடுக்கும்போது, ஹைப்ரிட் பேட்டரியும் மோட்டாரும் அதில் அடங்குமா என்று தனியாகக் கேளுங்கள். தாழ்வான பகுதியில் கார் நிறுத்துகிறவர்கள் வாரன்டிக்கு முன் இதற்குத்தான் பணம் ஒதுக்க வேண்டும்.

எலி. வயரைக் கடித்துவிட்டால் அது வெளிக்காரணம், வாரன்டியில் வராது.

வெளியில் பொருத்திய பொருள்கள். என் நண்பர் ஒருவர் ஷோரூமுக்கு வெளியே ஒரு கடையில் கேமராவும் கூடுதல் விளக்கும் பொருத்தினார். வயரை வெட்டி ஒட்டுப் போட்டுத்தான் இணைத்தார்கள். பின்னாளில் அந்தப் பக்க மின்கோளாறுக்கு வாரன்டி கேட்டபோது, சர்வீஸ் ஆலோசகர் அந்தக் கறுப்பு ஒட்டு நாடாவைப் படம் எடுத்து அனுப்பினார். கோரிக்கை அதோடு முடிந்தது. கேமராவுக்கும் கோளாறுக்கும் தொடர்பு இல்லை என்று நிரூபிக்கும் பாரம் நண்பரின் தலையில் விழுந்தது.

தவறவிட்ட சர்வீஸ். 10,000 கி.மீ. அல்லது ஓராண்டு என்றால், குறைவாக ஓட்டுகிறவருக்கு ஓராண்டுதான் கணக்கு. "4,000தான் ஓடியிருக்கிறது, எதற்கு சர்வீஸ்" என்று விட்டவர்கள் சிக்கிக்கொள்கிறார்கள்.

பேட்டரியின் காற்றுத்துளை. காற்றால் குளிர்விக்கப்படும் ஹைப்ரிட் பேட்டரிக்குக் காருக்குள்ளிருந்துதான் காற்று போகிறது. அந்தத் துளை சில கார்களில் பின் இருக்கையை ஒட்டியும், சிலவற்றில் முன் இருக்கையின் அடியிலும் இருக்கும். ஒருமுறை ஒரு காரின் வடிகட்டியைக் கழற்றும்போது பக்கத்தில் நின்றேன். சாம்பல் நிறத்தில் கம்பளி போலத் தூசி படிந்திருந்தது, நடுவில் நாய் முடி. அப்படி அடைத்துக்கொண்டால் பேட்டரி சூடேறும், ஆயுள் குறையும், பராமரிப்புக் குறைவு என்று சொல்லவும் இடம் கொடுக்கும். சுத்தம் செய்யும் இடைவெளி உங்கள் கையேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

மஞ்சள் எண் பலகையில் ஓட்டும் வாகனங்களுக்கு நிபந்தனைகள் வேறு. அந்தத் தாளைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

7. யார் கொடுக்கும் வாரன்டி என்று பாருங்கள்

ஒன்று தயாரிப்பாளரே கொடுப்பது. மற்றது டீலரோ வெளி நிறுவனமோ கொடுப்பது. இரண்டும் ஒரே மேசையில், ஏறக்குறைய ஒரே வடிவத் தாளில் விற்கப்படுவதால் குழப்பம் வருகிறது. சான்றிதழில் பொறுப்பேற்பவர் பெயர் யாருடையது என்று பாருங்கள். ஹைப்ரிட்டுக்குத் தயாரிப்பாளருடையதைத்தான் நான் பரிந்துரைப்பேன். உயர் மின்னழுத்தப் பகுதியில் கை வைக்கும் பயிற்சியும் கருவியும் அவர்களுடைய சர்வீஸ் சென்டர்களில்தான் பெரும்பாலும் இருக்கின்றன, வெளியூரிலும் அதே சான்றிதழ் செல்லும். கார் விற்கும்போது புதியவர் பெயருக்கு மாறுமா என்பதையும் இப்போதே கேளுங்கள். மாறினால் விற்பனை விலையில் அது கொஞ்சம் உதவும்.

8. எப்போது வாங்குவது, எப்படிப் பணம் கட்டுவது

டெலிவரி நாளன்று வாங்கியே ஆக வேண்டும் என்பது கட்டாயம் இல்லை. அடிப்படை வாரன்டி முடிவதற்குள் வாங்கப் பொதுவாக அனுமதி உண்டு, நாள் போகப் போக விலை படிப்படியாக ஏறும். எந்தத் தேதியில் எவ்வளவு ஏறும் என்ற அட்டவணையைக் கேளுங்கள். முதல் ஏற்றத்துக்கு முன்புள்ள நாள்களில் மேலே சொன்ன வீட்டுப்பாடத்தை நிதானமாக முடிக்கலாம். வாரன்டி காலாவதியான பிறகு கேட்டால் காரைச் சோதித்த பின்தான் தருவார்கள், அல்லது தரவே மாட்டார்கள்.

வாகனக் கடனோடு சேர்க்காதீர்கள். 30,000 ரூபாயை 9 சதவீத வட்டியில் 7 ஆண்டுக் கடனில் சேர்த்தால், கட்டி முடிக்கும்போது சுமார் 40,500 ரூபாய் ஆகியிருக்கும். கடன் முடிவதற்குள் வாரன்டி முடிந்துவிடும். விலை கேட்கும்போது ஜிஎஸ்டி சேர்த்த தொகையைக் கேளுங்கள். தனி ரசீது வாங்குங்கள்.

9. முடிவு

மூன்று ஆண்டுக்குள் காரை மாற்றிவிடுவீர்கள், 1,00,000 கி.மீ. தாண்டாது என்றால் வேண்டாம்.

ஐந்து ஆண்டுக்கு மேல் வைத்திருப்பீர்கள், ஓட்டம் மிதமானது என்றால் தயாரிப்பாளரின் நீட்டிப்பை, கிடைக்கும் அதிகபட்ச காலத்துக்கு, முதல் விலையேற்றத்துக்கு முன் வாங்குங்கள். இன்வர்ட்டரும் ஏசி கம்ப்ரஸரும் அதில் சேரும் என்று எழுத்தில் இருந்தால் மட்டும்.

நெடுஞ்சாலையில் அதிகம் ஓடுகிறவர் என்றால், ஆண்டுகளைப் பார்க்காமல் கிலோமீட்டர் வரம்பை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். வாரன்டி உங்களுக்கு மற்றவர்களைவிட அதிகம் தேவை. வரம்பு முன்னதாகவே தீர்ந்துபோகும் திட்டத்தால் ஏமாறக்கூடியவரும் நீங்கள்தான்.

10. வாங்கிய பிறகு

சான்றிதழில் சேசிஸ் எண்ணை ஆர்சி புத்தகத்தோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் திருத்தி வாங்குங்கள். அன்றே செய்தால் ஐந்து நிமிட வேலை, நான்கு ஆண்டு கழித்து என்றால் அலைச்சல்.

ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஜாப் கார்டையும் ரசீதையும் சேர்த்து வையுங்கள். "ஏசி சில நேரம் குளிர்வதில்லை", "பிரேக் அழுத்தும்போது ஒரு சத்தம்" என்று எதைச் சொன்னாலும் அதை ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். வாரன்டிக் காலத்தில் முறையிட்டது பதிவாகியிருந்தால், அது முடிந்த பின் பழுது பெரிதானாலும் வாதாட உங்கள் கையில் ஓர் ஆதாரம் இருக்கும்.

கோரிக்கையை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முதலில் புகார் பதியலாம். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும்.

கடைசியாக, ஒவ்வொரு வாரன்டியும் முடிவதற்கு ஒரு மாதம் முன்பு கைப்பேசியில் நினைவூட்டல் வையுங்கள். அன்று காரை சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போய், முழுச் சோதனையும் ஹைப்ரிட் அமைப்பின் கோளாறுக் குறியீட்டுச் சோதனையும் செய்யச் சொல்லுங்கள். அந்த அறிக்கையின் பிரதியை வாங்கிக்கொண்டுதான் சாவியைக் கையில் வாங்க வேண்டும்.